ஜோன் ஸ்டுவாட் மில்லும் அவர் வகுத்த சுதந்திரமும்

இலண்டன் மாநகரின் லீடன்ஹோல் வீதியிலே ஒரு காலத்திற் பெரியதொரு மாளிகை நின்றது. கிழக்கிந்தியக் கம்பனியின் தலைமைச் செயலகம் அது. கல்கத்தாவிலிருந்தும் பம்பாயிலிருந்தும் சென்னையிலிருந்தும் கப்பலேறி வந்த அறிக்கைகளுக்கெல்லாம் மறுமொழி அங்கிருந்துதான் புறப்பட்டது. 1823ஆம் ஆண்டு மே மாதத்திலே, பதினேழு வயது நிரம்பிய இளைஞர் ஒருவர் அங்கே எழுதுவினைஞராகச் சேர்ந்தார். முப்பத்தைந்து ஆண்டுகள் அவர் அதே செயலகத்தில் உழைத்தார். இந்திய மண்ணிலே ஒரு நாளேனும் கால்பதியாமல், இந்தியாவை ஆளுவதற்கான கட்டளைக் கடிதங்கள் ஏறக்குறைய 1700ஐ அவர் வரைந்தார். அவர் வேலையிலிருந்து விலகிய மறு ஆண்டு, 1859இல், அவருடைய ‘சுதந்திரம்’ என்னும் நூல் வெளிவந்தது. ஆங்கில மொழியிலே தனிமனித சுதந்திரத்தைப் பற்றி எழுந்த நூல்களுள் அதற்கு ஈடாகச் சொல்லக்கூடியவை மிகச் சிலவே.

ஜோன் ஸ்டுவாட் மில் என்ற அம்மனிதரைப் பற்றி நம்மவரிடையே இருவகைப் பேச்சு உண்டு. சட்டமும் அரசியலும் ஆங்கிலத்திற் கற்று வந்த கனவான்கள் அவரை வேதமாகப் போற்றினர். முற்போக்காளருள்ளும் சிலர், முதலாளித்துவத்தின் தத்துவவாதி என்று ஒரே சொல்லில் அவரை ஒதுக்கிவிட்டனர். இரண்டும் அவரைப் படிக்காமற் செய்யத்தக்க காரியங்களே. நாம் அவரைச் சற்று நெருங்கிப் பார்க்க விரும்புகிறோம்.

மில்லைப் பற்றிப் பேசுமுன் தந்தையைப் பற்றிப் பேசவேண்டும். ஜேம்ஸ் மில் ஸ்கொத்லாந்துக் கிராமமொன்றிலே சப்பாத்துத் தைக்கும் தொழிலாளியின் மகனாகப் பிறந்தவர். செல்வர் ஒருவரின் உதவியால் எடின்பரோவிலே சமயக் கல்வி கற்று, பிரசங்கியாராகும் உரிமை பெற்று, பின்னர் சமய நம்பிக்கையை இழந்து, 1802இல் எழுத்தையே நம்பி இலண்டனுக்கு வந்தார். அந்த நிலையற்ற வருமானத்தைக் கொண்டு ஒன்பது பிள்ளைகளை வளர்த்தார். 1817இல் ‘பிரித்தானிய இந்திய வரலாறு’ என்ற பெருநூலை வெளியிட்டார். அவரும் இந்தியாவைக் கண்டவரல்லர். இந்திய மொழி எதையும் அறிந்தவருமல்லர். அதனைக் குறையென்று அவர் கருதவில்லை. நேரிற் காண்பவன் தான் கண்ட துண்டுகளால் மயங்குவான், தூரத்திலிருந்து ஏடுகளை எடைபோடுபவனே நடுநிலை காப்பான் என்று முன்னுரையிலேயே வாதிட்டார். இந்திய நாகரிகத்தைப் பற்றி இகழ்ச்சியாக எழுதப்பட்ட அந்நூல், இந்தியாவை ஆளச் சென்ற இளம் உத்தியோகத்தருக்குப் பாடநூலாயிற்று. ஆசிரியருக்கோ 1819இல் கம்பனியிலே உத்தியோகம் கிடைத்தது. நான்கு ஆண்டுகளின் பின் மகனையும் அவர் தம் பிரிவிலேயே சேர்த்துக்கொண்டார்.

மகன் 1806ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் திகதி இலண்டனிற் பிறந்தவர். அவரைத் தந்தை பாடசாலைக்கு அனுப்பவில்லை. மூன்று வயதிலே கிரேக்க மொழி, எட்டு வயதிலே இலத்தீன், பன்னிரண்டில் தருக்கம், பதின்மூன்றில் றிக்காடோவின் பொருளியல் என்று பாடங்கள் தொடர்ந்தன. காலையிலே தந்தையும் மகனும் உலாவப் போவர். முதல்நாள் வாசித்ததை மகன் நடந்துகொண்டே ஒப்புவிக்க வேண்டும். தான் கற்றதைத் தம்பி தங்கையருக்குக் கற்பிப்பதும் அவனுடைய கடமை. ஒத்த வயதுப் பையன்களோடு விளையாட அவன் அனுமதிக்கப்படவில்லை. பிற்காலத்தில் எழுதிய சுயசரிதையிலே தந்தையைப் பற்றிப் பக்கம் பக்கமாக எழுதிய மில், தம்மைப் பெற்ற தாயைப் பற்றி அச்சில் வந்த பிரதியிலே ஒரு சொல்தானும் எழுதவில்லை. பெண்களின் அடிமைநிலைக்கு எதிராகத் தம் காலத்திலே மிக வன்மையாகக் குரல்கொடுத்த ஆண்மகன் அவர். அந்த மௌனம் நம்மை உறுத்தவே செய்கிறது.

இத்தனை கடுமையும் எதற்காக? ஒரு கொள்கைக்கு வாரிசு தேவைப்பட்டது. ஜேம்ஸ் மில்லின் நண்பரும் குருவுமான ஜெரமி பெந்தாம், சட்டமும் ஒழுக்கமும் ஒரே அளவுகோலால் அளக்கப்பட வேண்டும் என்றார். மிகப் பெருந்தொகையினருக்கு மிகுந்த இன்பம் தருவது எதுவோ அதுவே சரி. மரபென்றும் தெய்வ கட்டளையென்றும் இயற்கை உரிமையென்றும் சொல்லித் தப்பிக்கொள்ள இடமில்லை. பயன்பாட்டுவாதம் எனப்படும் இக்கொள்கை அக்காலத்திலே வெடிமருந்துக்கு ஒப்பானது. மன்செஸ்டர் போன்ற பெருநகர் பாராளுமன்றத்துக்கு ஓர் அங்கத்தவரைத்தானும் அனுப்ப முடியாதிருக்க, ஆளரவமற்ற பாழூர்கள் நிலப்பிரபுக்களின் கையாட்களை அனுப்பிவந்த காலம் அது. இந்த அமைப்பு எவருக்குப் பயன்படுகிறது என்று ஒருவன் கேட்கத் தொடங்கினாற் பிரபுக்களுக்கு மறுமொழியே இல்லை. ஆனால் அதே அளவுகோலுக்கு மறுபுறமும் உண்டு. 1834இல் வந்த புதிய வறியோர் சட்டத்தை வகுத்தவர்களுள் முன்னின்ற எட்வின் சட்விக் பெந்தாமின் சீடரே. வேலையற்ற ஏழை உதவி கேட்டு வந்தால், வெளியிலே கிடைக்கும் மிகக் கீழான வாழ்வினுங் கீழான வாழ்வே அவனுக்குத் தரப்படவேண்டும் என்று கணக்கிட்டு, கணவனையும் மனைவியையும் வெவ்வேறாகப் பிரித்து அடைத்த வேலையில்லங்களை அச்சட்டம் எழுப்பியது. இன்பதுன்பக் கணக்கைப் போடுபவன் யார் என்பதைப் பொறுத்தே விடை அமைகிறது.

இக்கணக்கு நமது தீவுக்கும் வந்தது. 1829 தொடக்கம் இங்கே விசாரணை நடத்திய கோல்புறூக் - கமரன் ஆணைக்குழுவில், நீதித்துறையைப் பற்றி அறிக்கை எழுதிய சாள்ஸ் ஹே கமரன் பெந்தாமின் கொள்கையிலே தோய்ந்தவர். 1832இல் இராஜகாரிய முறை ஒழிந்தது. 1833இல் தீவு முழுவதற்கும் ஒரே நீதியமைப்பு வந்தது. கட்டாய உழைப்பு ஒழிந்தமை நன்மையே. அதனை மறுப்போர் நிலப்பிரபுத்துவத்துக்குப் பரிந்து பேசுவோராவர். எனினும் உழைப்பு ‘சுதந்திரம்’ அடைந்த அத்தீவிலே, அடுத்த சில ஆண்டுகளில் கோப்பித் தோட்டங்கள் பரவியபோது, அங்கே கூலிக்கு வரக் கண்டி விவசாயி இணங்கவில்லை. தென்னிந்தியாவிலிருந்து நம் மக்கள் காட்டுவழியாக நடந்து வந்து அவ்விடத்தை நிரப்பினர். கமரன் பிற்காலத்திலே இங்கு கோப்பித் தோட்டங்களுக்குச் சொந்தக்காரராகி, 1880இல் இத்தீவிலேயே கண்மூடினார்.

இளைய மில்லுக்குத் திரும்புவோம். இருபதாவது வயதிலே, 1826இன் மாரிகாலத்தில், அவர் உள்ளம் உடைந்தது. தாம் விரும்பும் சீர்திருத்தங்கள் யாவும் இந்தக் கணமே நிறைவேறிவிட்டால் தாம் மகிழ்ச்சி அடைவோமா என்று தம்மைத் தாமே கேட்டார். இல்லை என்ற விடை உள்ளிருந்து வந்தது. வாழ்வதற்குக் காரணமாயிருந்த ஒன்றே சரிந்துபோனது. மாதக்கணக்காக, எவரிடமும் சொல்லாமல், அலுவலகத்துக்குப் போய் வந்துகொண்டே அவர் அந்த இருளைச் சுமந்தார். பிரெஞ்சு எழுத்தாளர் மார்மொன்தெலின் வாழ்க்கைக் குறிப்புகளில், தந்தை இறந்தபோது சிறுவனொருவன் குடும்பத்தைத் தாங்க உறுதிகொள்ளும் பகுதியை வாசிக்கையில் அவருக்குக் கண்ணீர் வந்தது. தாம் வெறும் கல்லல்ல என்று அப்பொழுதுதான் தெரிந்தது என்கிறார். 1828இல் வேட்ஸ்வேர்த்தின் கவிதைகள் அவருக்கு மருந்தாயின. தந்தையின் மரணத்தைப் பற்றிய பகுதியே அவரை விடுவித்தது என்பதில் மனவியலார் பொருள் காண்பர். நமக்கு அதைவிட முக்கியமாகத் தோன்றுவது வேறொன்று. மனித உள்ளத்தைக் கணக்கேடாகக் கண்ட ஒரு தத்துவத்தின் தோல்வியை, அதன் முதல் மாணவனே தன் உடம்பில் அனுபவித்தான். பின்னாளில், 1861இல் எழுதிய பயன்பாட்டுவாதம் பற்றிய நூலிலே, இன்பங்கள் அளவால் மட்டுமன்றித் தரத்தாலும் வேறுபடும் என்று மில் திருத்தினார். தரத்தைத் தீர்ப்பவர் இரண்டையும் அறிந்தவரே என்றார். பெந்தாமின் கட்டடத்திலே இந்தத் திருத்தம் ஒரு பெரும் விரிசல். மில் அதை விரிசலென்று ஒப்பவில்லை.

1830இல் அவர் ஹரியற் ரெயிலர் என்ற பெண்ணைச் சந்தித்தார். அவர் வேறொருவரின் மனைவி, பிள்ளைகளின் தாய். இருபது ஆண்டுகள் நீடித்த அந்நட்பு ஊர்வாயில் அகப்பட்டு, நண்பர் சிலரையும் மில்லிடமிருந்து பிரித்தது. 1849இல் கணவர் இறந்தபின், 1851இல் இருவரும் மணந்துகொண்டனர். மணத்துக்கு முன் மில் எழுதிவைத்த குறிப்பொன்று உண்டு. அன்றைய ஆங்கிலச் சட்டப்படி மனைவியின் உடைமையும் உழைப்பும் கணவனுக்கே உரியவை. இத்தகைய சட்டம் தமக்குத் தரும் அதிகாரங்களை நீக்கிக்கொள்ளச் சட்டத்தில் வழியில்லாமையால், அவற்றை ஒருபோதும் பயன்படுத்துவதில்லை என்று அவர் கையெழுத்திட்டார். அவருடைய எழுத்துக்கள் பலவற்றிலே தம் மனைவியின் பங்கு தம்முடையதற்குக் குறைந்ததன்று என்று அவர் திரும்பத் திரும்பச் சொன்னார். காதல் மயக்கம் என்று ஆய்வாளர் பலர் இதனை நகைத்தனர். ஒரு பெண் சிந்தித்தாள் என்பதை நம்புவதைவிட ஓர் ஆண் மயங்கினான் என்பதை நம்புவது அவர்களுக்கு எளிதாயிருந்தது.

1865இல் வெஸ்ட்மின்ஸ்டர் தொகுதியில் அவரைப் பாராளுமன்றத்துக்கு நிற்கும்படி கேட்டனர். வீடு வீடாகச் சென்று வாக்குக் கேட்கமாட்டேன், காசும் செலவிடமாட்டேன் என்று அவர் நிபந்தனை விதித்தார். தொழிலாளர் கூட்டமொன்றிலே, ஆங்கிலத் தொழிலாளர் பெரும்பாலும் பொய்யர் என்று நீர் எழுதியதுண்டா எனப் பகைவர் விளம்பரமொன்றைக் காட்டிக் கேட்டனர். ஆம் என்று ஒரே சொல்லில் விடையளித்தார். கூட்டம் கைதட்டி ஆரவாரித்தது. முகத்துக்கெதிரே உண்மை பேசும் வேட்பாளர் அவர்களுக்குப் புதுமையாயிருந்திருக்க வேண்டும். அவர் வென்றார். 1866 ஜூன் மாதத்தில், ஏறக்குறைய 1500 பெண்கள் கையெழுத்திட்ட வாக்குரிமை மனுவைச் சபையிலே சமர்ப்பித்தார். 1867ஆம் ஆண்டு மே மாதம் 20ஆம் திகதி, தம் பிறந்தநாளன்று, சீர்திருத்த மசோதாவிலே ‘ஆண்’ என்று குறித்த சொல்லை நீக்கி ‘ஆள்’ என்று குறிக்கும் சொல்லை இடுமாறு பிரேரித்தார். 73 பேர் ஆதரித்தனர். 196 பேர் எதிர்த்தனர். தோற்றது பிரேரணைதான். ஆயினும் பெண்ணின் வாக்குரிமை அச்சபையிலே முதன்முறையாக வாக்கெடுப்புக்கு வந்துவிட்டது. 1869இல் வெளிவந்த ‘பெண்ணடிமை’ என்ற நூலிலே அவர் எடுத்த வாதம் எளியது: பெண்ணின் இயல்பு இதுவென்று எவரும் அறியார், அடிமைத்தனத்திலே வளைத்து வளர்க்கப்பட்ட ஒன்றையே இயல்பென்று அழைத்துவருகிறோம்.

பொருளியலிலே மில்லின் பயணம் முற்றுப்பெறாத பயணம். 1848இல், மார்க்ஸும் ஏங்கெல்ஸும் கம்யூனிஸ்ட் அறிக்கையை வெளியிட்ட அதே ஆண்டிலே, மில் ‘அரசியற் பொருளாதாரத் தத்துவங்கள்’ என்ற நூலை வெளியிட்டார். உற்பத்தியின் விதிகள் இயற்கை விதிகள் போன்றவை, ஆனால் பங்கீடு மனிதர் வகுத்தது, எனவே மனிதர் அதை மாற்றலாம் என்பது அந்நூலின் அச்சாணி. 1852இன் மூன்றாம் பதிப்பிலே பொதுவுடைமைக்கு அவர் முன்னினும் இணக்கமாக எழுதினார். தொழிலாளர் தாமே முதலுக்கு உரியவராகித் தம் முகாமையாளரைத் தாமே தெரிந்தெடுக்கும் கூட்டுறவுத் தொழிலகங்களில் எதிர்காலத்தைக் கண்டார். 1846-47இல் அயர்லாந்து பஞ்சத்தால் மடிந்துகொண்டிருந்தபோது, பத்திரிகையிலே தொடர்ந்து எழுதி, தரிசு நிலங்களை விவசாயிக்கே சொந்தமாக்கிக் கொடுக்கக் கோரினார். மார்க்ஸ் அவரைக் கடுமையாக விமர்சித்தார். முதலின் பொருளியலையும் தொழிலாளரின் கோரிக்கையையும் ஒரே கயிற்றிற் கட்ட முனைகிறார் என்பது குற்றச்சாட்டு. குற்றச்சாட்டு சரியே என்பது நம் கருத்து. உற்பத்திச் சாதனம் எவன் கையிலுள்ளதோ அவனே பங்கீட்டையும் தீர்மானிப்பான். இவ்விரண்டையும் மில் பிரித்தது காகிதத்திலே மட்டும் நிற்கக்கூடிய பிரிவினை. எனினும் முதலாளிமாரின் கூலிப் பிரசாரகரோடு மில்லைச் சேர்த்துவைப்பது அநீதி என்று சொன்னவரும் அதே மார்க்ஸ்தான். நம்மவருட் சிலர் முன்னதை மட்டும் நினைவில் வைத்துள்ளனர்.

இனி ‘சுதந்திரம்’ நூல். சமுதாயம் ஒருவனைக் கட்டாயப்படுத்தத் தகுந்த ஒரே காரணம், அவன் பிறருக்குத் தீங்கு செய்வதைத் தடுத்தலே என்பது அதன் மையக் கருத்து. அவனுடைய நன்மைக்காக என்று சொல்லி அவனை வற்புறுத்த எவருக்கும் உரிமையில்லை. மனித குலம் முழுவதும் ஒரு கருத்தைக் கொள்ள, ஒரேயொருவன் மாறுகருத்துக் கொண்டாலும் அவன் வாயை அடைப்பது நியாயமாகாது. அடைக்கப்படும் கருத்து உண்மையாயிருக்கலாம், பாதி உண்மையாயிருக்கலாம், முழுப் பொய்யாகவே இருந்தாலும், எதிர்க்க எவருமில்லாத உண்மை உயிரற்ற சடங்காகிவிடும். அரசனின் கொடுங்கோன்மையைக் காட்டிலும் ஊர்வழக்கின் கொடுங்கோன்மை ஆழமாக ஊடுருவும் என்றும் அவர் எழுதினார். சாதிக் கட்டுப்பாட்டினுள்ளே பிறந்து வளர்ந்தோருக்கு அப்பகுதிக்கு உரை எழுதவேண்டியதில்லை.

ஆனால் முதல் அத்தியாயத்திலேயே, இக்கோட்பாடு எவருக்குப் பொருந்தாது என்ற ஒரு பட்டியல் வருகிறது. சிறுவருக்குப் பொருந்தாது, சரி. பின்தங்கிய சமுதாயங்களுக்கும் பொருந்தாது. அவை தம் பிள்ளைப்பருவத்தில் இருப்பனவாம். அவற்றை முன்னேற்றுவதே நோக்கமாயின் எதேச்சாதிகாரம் அங்கே நியாயமான ஆட்சிமுறையாம். ஓர் அக்பரோ ஒரு சார்லமேனோ கிடைத்தால், கிடைத்ததே பாக்கியமென்று அடிபணிவதே அவற்றுக்குள்ள வழியாம். கோடிக்கணக்கான மக்களை நாலைந்து வரிகளிலே சுதந்திரத்தின் வாசலுக்கு வெளியே நிறுத்திவிட்டுத் தத்துவஞானி மேலே நடக்கிறார். முப்பத்தைந்து ஆண்டுகள் லீடன்ஹோல் வீதியிலே இருந்து எழுதிய பேனாவின் வேலை அவ்வரிகளிலே தெரிகிறது. இந்தியச் சமஸ்தானங்களோடு கம்பனி வைத்த உறவுகளைப் பற்றிய கடிதங்களே அவருடைய முக்கிய பொறுப்பாயிருந்தன. 1857இன் கிளர்ச்சிக்குப் பின் கம்பனியின் ஆட்சியைப் பறிக்கப் பாராளுமன்றம் முனைந்தபோது, அதனை எதிர்த்துக் கம்பனியின் சார்பிலே மனு வரைந்தவரும் அவரே. ஆண்டுக்கு 1500 பவுண் ஓய்வூதியத்தோடு 1858இல் விலகினார். புதிய இந்தியச் சபையிலே தரப்பட்ட ஆசனத்தை மறுத்தார்.

அவருக்கு நியாயம் செய்யவேண்டின் மற்றொன்றையும் சொல்லவேண்டும். 1835இல் மக்கோலி இந்தியரின் கல்வியை ஆங்கிலத்தின் வழியே திருப்பியபோது, மறு ஆண்டு அதனைக் கண்டித்து ஒரு கடிதத்தை வரைந்தவர் மில். ஆங்கிலம் அறிந்த சிலரால் நாட்டை எழுப்ப முடியாது, மக்களின் மொழிகளிலே அறிவு இறங்கவேண்டும், அதற்கு உள்நாட்டு அறிஞரின் துணை வேண்டும் என்பது அவர் வாதம். மேலிடம் அதனை ஏற்கவில்லை; கடிதம் அனுப்பப்படாமலே கிடந்தது. தந்தையின் வரலாற்று நூலை எழுத்தெண்ணிப் படித்த மகன் இவ்வளவு தூரம் விலகியமை சிறிய காரியமன்று. ஆயினும் எந்த மொழியிற் கற்பிப்பது என்பதே அங்கே விவாதிக்கப்பட்டது. கற்பிப்பவனை ஆளவைத்தது யார் என்று அவர் கேட்கவில்லை.

அந்தக் கேள்வியின் அருகே அவர் ஒருமுறை வந்தார். 1865 ஒக்டோபரில் ஜமேக்காத் தீவின் மொறன்ற் பே என்னுமிடத்திலே, சில பத்தாண்டுகளுக்கு முன்னரே விடுதலை பெற்றிருந்த கறுப்பு விவசாயிகள் போல் போகிளின் தலைமையிலே நீதிமன்றத்தின்முன் திரண்டனர். கலகம் மூண்டது. ஆளுநர் எயர் இராணுவச் சட்டம் பிறப்பித்தார். நானூறுக்கு மேற்பட்டோர் கொல்லப்பட்டனர். அறுநூறு பேர்வரை கசையடி பட்டனர். ஆயிரம் வீடுகள் எரிக்கப்பட்டன. சட்டசபை அங்கத்தவரான ஜோர்ஜ் வில்லியம் கோடன், இராணுவச் சட்டம் இல்லாத கிங்ஸ்ரனிலிருந்து அச்சட்டம் உள்ள இடத்துக்குக் கப்பலிலே கொண்டுசெல்லப்பட்டுத் தூக்கிலிடப்பட்டார். எயரைக் கொலைக் குற்றத்துக்காக நிறுத்தவேண்டும் என்று எழுந்த குழுவுக்கு 1866இல் மில் தலைவரானார். டார்வினும் ஹக்ஸ்லியும் அவர் பக்கம் நின்றனர். எயரைக் காக்கத் திரண்ட மறுபக்கத்திலே கார்லைல், ரஸ்கின், டெனிசன், டிக்கன்ஸ் ஆகியோர் நின்றனர். இலக்கியகாரராகிய நாம் அந்தப் பட்டியலை மறக்காமலிருப்பது நல்லது; ஏழைச் சிறுவனுக்காகக் கண்ணீர் வடித்த எழுத்து, எரிந்த ஆயிரம் வீடுகளை ஏன் காணவில்லை என்பது நாமும் நம்மிடம் கேட்கவேண்டிய கேள்வி. கொலைமிரட்டற் கடிதங்கள் மில்லின் வீட்டுக்கு வந்தன. 1868இல் வழக்கை விசாரணைக்கு அனுப்புவதற்கே யூரிமார் இணங்கவில்லை.

அவ்வாண்டு நடந்த தேர்தலிலே அவர் தோற்றார். வென்றவர் புத்தகக் கடை வியாபாரத்தாற் செல்வரான டபிள்யூ. எச். ஸ்மித். நாத்திகரான சாள்ஸ் பிராட்லோவின் தேர்தற் செலவுக்கு மில் பத்துப் பவுண் அனுப்பியதும் தோல்விக்கு ஒரு காரணம் என்பர். ஜனநாயகத்திலும் அவருக்கு முழு நம்பிக்கை இருந்ததில்லை. எல்லோருக்கும் வாக்கு வேண்டும், ஆனால் கற்றவருக்கு ஒன்றுக்கு மேற்பட்ட வாக்கு வேண்டும் என்று 1861இல் எழுதியவர் அவர். அயலவர் காணவே வாக்களிக்கவேண்டும் என்று இரகசிய வாக்கெடுப்பையும் எதிர்த்தார். நிலப்பிரபுவின் கண்முன்னே வாக்களிக்கும் குத்தகைக்காரனின் நிலையை அந்த நூலகத்தின் யன்னல் காட்டவில்லை.

சுதந்திரத்துக்கு இன்னும் பருவம் வரவில்லை என்று அவர் ஒதுக்கிய ஆசியாவிலே அவர் நூல் என்னவாயிற்று? 1872இல் நக்கமுரா மசனவோ அதனை யப்பானிய மொழியிற் பெயர்த்தார். அங்கே மக்கள் உரிமை இயக்கத்தின் இளைஞர்கள் அதைப் படித்தனர். 1903இல் யென் ஃபூ சீன மொழியிற் பெயர்த்தார். இந்தியாவிலே தேசிய காங்கிரசின் ஆரம்பத் தலைவர்கள் ஆட்சியாளரோடு வாதிட மில்லின் நியாயங்களையே எடுத்தாண்டனர். விதிவிலக்கை எழுதியவர் எதிர்பாராத வாசகர்கள் விதியை மட்டும் எடுத்துக்கொண்டனர்.

ஹரியற் 1858இல் பிரான்சின் அவிஞோன் நகரிலே பயணத்தின் நடுவே இறந்தார். அந்தக் கல்லறைக்கு அருகே மில் ஒரு வீடு வாங்கி, ஆண்டுதோறும் பல மாதங்கள் அங்கே தங்கினார். ஹரியற்றின் மகள் ஹெலன் உடனிருந்தார். செடிகொடிகளைத் தேடி நடப்பது அவருக்குப் பழைய விருப்பம். பூச்சியியல் அறிஞர் ஃபாப்ரே அங்கு அவருடைய நண்பர். 1873 மே மாதத் தொடக்கத்தில் ஃபாப்ரேயோடு செடி பார்க்க நெடுந்தூரம் நடந்து திரும்பியவர் காய்ச்சலில் விழுந்து, 7ஆம் திகதி இறந்தார். மனைவியின் கல்லறையிலேயே அடக்கஞ் செய்யப்பட்டார். அவ்வாண்டே சுயசரிதை வெளிவந்தது. மேசையிலே மற்றொரு கையெழுத்துப் பிரதியும் இருந்தது. 1869இல் தொடங்கி இடையில் விட்டது, பொருள் சமவுடைமை. தொழிலாளருக்கு வாக்குக் கிடைத்துவிட்டபடியால், தனிச்சொத்து என்னும் அமைப்பையே இனி அவர்கள் கேள்விக்குட்படுத்துவார்கள், அக்கேள்வியை ஒழுங்காக ஆராயவேண்டும் என்று அது தொடங்குகிறது. 1879இல் ஹெலன் அதனை இருந்தபடியே சஞ்சிகையொன்றில் அச்சிடக் கொடுத்தார்.